வீட்டைப் பூட்டினியா?

உக்காரும்மா. அந்த நாற்காலி வேணாம், அது ஆடும். இப்படி சோபாவுல உக்காரு. லோகா பல் டாக்டர்கிட்ட போயிருக்கா, வந்துடுவா. பதினோரு மணின்னு உங்கிட்டச் சொல்லியிருந்தாளாம். பத்தரைக்குப் பல்லு வலி தாங்கலைன்னு கிளம்பிட்டா. நீ யுனிவர்சிட்டியிலேர்ந்து வர்றேன்னு பல்லுக்குத் தெரியுமா என்ன?

ஆராய்ச்சி பண்றியாமே. டப்பிங் கலைஞர்களைப் பத்தி. நல்லது. நாட்டுல மத்த ஆராய்ச்சி எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு தெரியுது. தப்பா எடுத்துக்காதே, நாப்பது வருஷம் கோர்ட்டுல பேசின வாய், அப்படித்தான் வரும். தணிகாசலம்னா ஹைகோர்ட்டுக்கு எதிர்ல டீக்கடையில கூடத் தெரியும் ஒரு காலத்துல.

அந்த ரெக்கார்ட் மெஷினை இப்பவே போடறியா? போடு, போடு. எனக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லப்போனா நீ முதல்ல என்னைத்தான் கேக்கணும். ஏன்னா எம் பொண்டாட்டி லோகநாயகின்னு ஒருத்தி இருக்கிறதே என்னாலதான் உலகத்துக்குத் தெரிஞ்சுது. ஆமாம்மா. டி.வி.யில. நீ அப்பப் பொறந்திருக்க மாட்டே.

அப்ப ஒரே சேனல். வேற வழி இல்லாமத்தான் ஜனங்க உங்களைப் பாத்தாங்கன்னு இப்ப சில பேரு சொல்றாங்க. சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் படம் போடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் எங்க நிகழ்ச்சி. படத்துக்காக எடம் புடிச்சு உக்காந்தவன் எல்லாம் எங்களைப் பாத்துத்தான் ஆகணும். நிகழ்ச்சி பேரு 'ஊகமும் உத்தியோகமும்'. ஊகம். யூகம் இல்லை. அந்தப் பேரு நான் வெச்சது. முதல் வாரம் போர்டு எழுதினவன் 'யூகமும் யுத்தியோகமும்'னு எழுதிட்டான், நான்தான் மாத்தச் சொன்னேன்.

விளையாட்டு ரொம்ப சுலபம். நாங்க நாலு பேரு வரிசையா உக்காந்திருப்போம். எதிர்ல ஒரு விருந்தாளி. அவர் என்ன உத்தியோகம் பாக்கறார்னு நாங்க கேள்வி கேட்டே கண்டுபுடிக்கணும். அவர் ஆமா, இல்லை, ரெண்டுதான் சொல்லலாம். பத்து தடவை 'இல்லை' வந்துட்டா நாங்க தோத்தோம். விருந்தாளி யாருன்னு ஹால்ல உக்காந்திருக்கிற ஜனங்களுக்கு மட்டும் முன்னாடியே சொல்லிடுவாங்க. முகத்தைப் பாத்துப் புடிச்சிடறாங்கன்னு பாக்கிறவங்க கடிதாசி போட்டதால, எங்க கண்ணுல கறுப்புத் துணி கட்டிடுவாங்க. அதுவும் என் யோசனைதான். பார்வையே தேவையில்லை, கேள்விதான் முக்கியம்னு ஜெயசிங்கிட்ட நானே சொன்னேன். ஜெயசிங்குங்கிறது நிகழ்ச்சியை நடத்தினவரு, தயாரிப்பும் அவரேதான். நாகர்கோவில் ஆளு. சிரிச்சுக்கிட்டே கழுத்தறுப்பாரு.

எப்பேர்ப்பட்ட ஆளுங்க வந்தாங்க தெரியுமா! லிஃப்ட் சரியா வேலை செய்யுதான்னு பாக்கிற இன்ஸ்பெக்டர் ஒருத்தர். நான் கேட்டேன், "உங்க உத்தியோகத்துல முன்னேற்றம் உண்டா?" "மேல போறது தினமும் உண்டு சார், கீழ வர்றதும் உண்டு"ன்னாரு. ஆமா, இல்லை தவிர வேற சொல்லக் கூடாதுன்னு ஜெயசிங் திட்டினாரு. அதுக்குள்ள நான் புடிச்சுட்டேன். சினிமா பேனர்ல கண்ணு மட்டும் வரையற பெயிண்டர் ஒருத்தர், மூக்கை எல்லாம் தொட மாட்டாராம். சவுரி முடி பின்ற ஒரு அம்மா. மலைப்பாம்புக்கு மருந்து புகட்டறவரு. எல்லாரையும் புடிச்சேன். கூட டாக்டர் விமலா தேவசகாயம்னு ஒரு அம்மா இருந்தாங்க, அவங்களும் சுமாரா கேப்பாங்க. மத்த ரெண்டு பேரு நாற்காலி காலியா இருக்கக் கூடாதுன்னு உக்கார வெச்சது.

ஒரு நாள் கோதண்டம்னு ஒருத்தர் வந்தாரு. இதைக் கேளு.

"வேலை நேரத்துல பேசுவீங்களா?"ன்னேன். "இல்லைங்க."

"படுத்துக்கிட்டே செய்யற வேலையா?" "ஆமாங்க."

"அரசாங்க உத்தியோகமா?" ஹாலே சிரிச்சுது. "இல்லைங்க."

டாக்டரம்மா கேட்டாங்க, "உங்களைச் சுத்தி ஆளுங்க இருப்பாங்களா?" "ஆமாங்க." "சந்தோஷமா இருப்பாங்களா?" "இல்லைங்க."

டக்குனு எனக்குப் பொறி தட்டுச்சு. "ஐயா, நீர் சினிமாவுல பொணமா நடிக்கிறவரு!" கைதட்டல் அடங்கவே இல்லை. மனுஷன் மூச்சை அடக்கறதுல மன்னனாம். மூக்கு மேல ஈ உக்காந்தாக்கூட அசைய மாட்டாராம். அதனால பெரிய பெரிய கம்பெனி எல்லாம் பொணம்னா அவரைத்தான் கூப்பிடும்.

அந்தக் கோதண்டம்தான் எனக்கு எமன். ரெக்கார்டிங் முடிஞ்சு கேன்டீன்ல டீ குடிச்சுக்கிட்டு இருந்தோம். அவர் ஜெயசிங்கிட்ட சொல்றாரு, "சார், நான் பொணமா கிடக்கிறது பெரிசு இல்லை. எனக்காக அழற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. ஹீரோயின் சும்மா வாயைத் தொறந்துக்கிட்டு மேல விழுவாங்க. அழுகை இந்த அம்மாவோடது. தியேட்டர்ல எம் பொணத்தை நானே பாக்கறப்ப நானே கண்ணைத் துடைச்சுக்குவேன். அயனாவரத்துல இருக்காங்க. வேணும்னா கூட்டிட்டு வர்றேன்."

"அயனாவரமா? நம்ம வக்கீல் சார் ஏரியா ஆச்சே"ன்னாரு ஜெயசிங்.

அங்கதான் சதி ஆரம்பிச்சுது. நானும் அதே மேஜையிலதான் உக்காந்திருந்தேன். ஆனா பாரு, அப்ப நான் டாக்டரம்மாவுக்கு என்னோட ஒரு குறுக்கு விசாரணையை விவரிச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு மனுஷன் ஒரு நேரத்துல எத்தனை காரியத்தைக் கவனிப்பான்?

உன் பேரு என்ன சொன்னே? சொன்னியா? சரி இருக்கட்டும்.

அடுத்த ரெக்கார்டிங் நாள். காலையில நான் கோட்டு மாட்டிக்கிட்டு இருக்கேன். லோகா தலை பின்னிக்கிட்டே சொன்னா, "இன்னிக்கு எனக்கும் ரெக்கார்டிங் இருக்கு." நான், "சாப்பாடு மூடி வெச்சிருக்கியா?"ன்னேன். "வெச்சிருக்கேன்"னா. நான் கிளம்பிட்டேன். இதுல என் தப்பு என்ன? ரெக்கார்டிங்னு பொத்தாம் பொதுவா சொன்னா? பத்திரம் ரெக்கார்டு பண்றதும் ரெக்கார்டிங்தானே?

அன்னிக்கு மூணாவது விருந்தாளி. கண்ணைக் கட்டியாச்சு. நாற்காலி இழுக்கிற சத்தம், வளையல் சத்தம். பெண்மணின்னு மனசுல குறிச்சுக்கிட்டேன். ஹால்ல ஒரு கசமுசா. ஏதோ சினிமாக்காரங்க வந்திருக்காங்க போலன்னு நெனச்சேன்.

டாக்டரம்மாதான் ஆரம்பிச்சாங்க. "உங்க தொழிலுக்குக் கை தேவையா?"

"இல்லீங்க."

குரல் கரகரன்னு, இழுவையா இருந்துச்சு. எனக்கு ஆளு எந்த ஊருன்னு குரலை வெச்சே சொல்லத் தெரியும், அது ஒரு வரம். "அம்மா பொள்ளாச்சிப் பக்கம், வயசு அறுவதாவது இருக்கும், வெத்தலை போடற பழக்கம் உண்டு"ன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னேன். ஹாலே குலுங்கிச்சு. லோகாவுக்கு அப்ப முப்பத்தெட்டு வயசு. வாலாஜாப்பேட்டை. வெத்தலை வாடையே ஆகாது அவளுக்கு.

நான் கேட்டேன், "உங்க தொழிலை ஜனங்க காசு குடுத்து அனுபவிக்கிறாங்களா?"

"ஆமாங்க."

"உங்களை நேர்ல பாக்கறாங்களா?"

"இல்லீங்க."

டாக்டரம்மா, "இதுல வலி உண்டா?"ன்னாங்க.

ஜெயசிங், "ஆமாவா, இல்லையா அம்மா?"ன்னாரு. அப்புறம் மெதுவா, "இல்லீங்க"ன்னு வந்துச்சு.

இப்படியே போச்சு. மத்த ரெண்டு மேதாவிங்க நாலஞ்சு 'இல்லை'யை வாங்கி வெச்சாங்க. "நீங்க ஊறுகாய் போடறீங்களா?"ன்னு ஒருத்தன் கேக்கறான், கையே தேவையில்லைன்னு சொன்னதுக்கு அப்புறம்! சுத்தி வந்து என் முறை. கொஞ்சம் கலகலப்பாக்கலாம்னு ஒண்ணு கேட்டேன். "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு நீங்க இந்தத் தொழில் பண்றது தெரியுமா?"

அவ, "சொல்லியிருக்கேனுங்க"ன்னா.

ஹால் சிரிச்ச சிரிப்பு இருக்கே! ஜெயசிங் பேசவே முடியாம, "அம்மா, ஆமாவா இல்லையான்னு மட்டும்தான் சொல்லணும்... சரி, இதை 'இல்லை'ன்னே வெச்சுக்கலாம்"னாரு. மறுபடியும் சிரிப்பு. நான் விடுவேனா? கூட்டம் நம்ம கையில இருக்கிறப்ப ஒரு தட்டு தட்டணும், அதுதான் மேடை. "பாவம் அந்த மனுஷன்!"ன்னேன். "பொண்டாட்டி என்ன செய்யறான்னு தெரியாமயே ஒருத்தன் குடும்பம் நடத்தறான் பாருங்க! அந்த மகானை அடுத்த வாரம் இங்க கூப்பிடணும்!"

என் ஆயுசுல அப்படி ஒரு கைதட்டல் வாங்கினதில்லை. காமிராக்காரன் சிரிச்சதுல காமிராவே ஆடிச்சாம்.

ஒரே ஒரு 'இல்லை'தான் பாக்கி. ஜெயசிங் சொன்னாரு, "வக்கீல் சார், உங்களுக்கு ஒரு சலுகை. அம்மா தன் தொழிலை இப்ப செஞ்சு காட்டுவாங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க."

ஹால் அடங்கிச்சு. முதல்ல ஒண்ணுமே இல்லை. அப்புறம் ஒரு மூச்சு உள்ள போச்சு. போனது வெளிய வரலை. நாங்க எல்லாரும் அது வெளிய வரணும்னு காத்துக்கிட்டு இருக்கோம். அப்புறம் அடி வயித்துலேர்ந்து ஒரு சின்ன சத்தம், குழந்தை தூக்கத்துல சிணுங்கற மாதிரி. அதுக்கப்புறம்தான் அழுகை. ஓலம் எல்லாம் இல்லைம்மா. யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு அழற அழுகை. பக்கத்துல டாக்டரம்மா மூக்கை உறிஞ்சறது எனக்குக் கேக்குது.

எனக்கு அந்த அழுகை தெரியும்! சட்டுனு தெரிஞ்சுபோச்சு! ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு படம் வந்துச்சு. மாலதிஸ்ரீன்னு ஒரு நடிகை, புருஷன் பொணத்துப் பக்கத்துல உக்காந்து அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கிட்டே அழுவா. நானும் லோகாவும் போயிருந்தோம். நான் கர்ச்சீப்பைப் பிழிஞ்சேன், வெக்கமில்லாம சொல்றேன். லோகா பக்கத்துல முறுக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. எனக்குக் கோவம். "அழுகைன்னா இது அழுகை. நீயும் இருக்கியே, கல்லு மாதிரி"ன்னு திட்டினேன். முறுக்குப் பொட்டலத்தை எம் பக்கம் நீட்டினா.

அதனால ஸ்டூடியோவுல நான் எழுந்தே நின்னுட்டேன். "கண்டுபுடிச்சுட்டேன்! இந்த அழுகையை எங்க கேட்டாலும் சொல்லுவேன்! வந்திருக்கிறது நடிகை மாலதிஸ்ரீ!"

"தப்பு"ன்னாரு ஜெயசிங். "பத்தாவது இல்லை. வக்கீல் சார், கட்டை அவிழ்த்துப் பாருங்க."

அவிழ்த்தேன். எதிர்ல லோகா. கடுகுக் கலர்ப் புடவை, மடியில ஹேண்ட்பேக், கன்னம் எல்லாம் தண்ணி. முந்தானையால துடைச்சுக்கிட்டு இருக்கா.

அந்த நேரத்துல ஒரு மனுஷனுக்கு என்ன தோணும் சொல்லு. எனக்கு என்ன தோணுச்சோ அதைக் கேட்டேன்.

"நீ இங்க வந்துட்டியா? வீட்டைப் பூட்டினியா?"

நியாயமான கேள்விதானே? அந்த மாசம்தான் எதிர் வீட்டுல திருட்டு போயிருந்துச்சு! ஆனா அந்தக் கூட்டம் சிரிச்ச சிரிப்புக்கு ஜெயசிங் மைக்கைக் கீழ போட்டுட்டாரு. லோகா மட்டும் சிரிக்கலை. "பூட்டிட்டேன், சாவி பக்கத்து வீட்டுல"ன்னா. குரல் இப்ப அவ குரல்.

ரெக்கார்டிங்தானே, வெட்டிடுங்கன்னு ஜெயசிங்கைக் கெஞ்சினேன். "சார், அதுதான் சார் நிகழ்ச்சியே"ன்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை தமிழ்நாடே பாத்துச்சு. திங்கக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் ஆரம்பிச்சான். "சார், வீட்டைப் பூட்டினியா?" கறிகாய்க்காரன் கேட்டான். பார் ரூம்ல ஜூனியர் பசங்க கேட்டாங்க. ஒரு நீதிபதி, நல்ல மனுஷன், நான் வாய்தா கேட்டதுக்கு, "என்ன மிஸ்டர் தணிகாசலம், வீட்டைப் பூட்டணுமா?"ன்னாரு. ஒரு கொலைக் கேஸ்ல நான் எழுந்து, சாட்சியைப் பாத்து, "நீ அன்னிக்கு என்ன பாத்தே?"ன்னு கேக்கறேன். கூண்டுல நிக்கறவன் சிரிக்கறான்! கொலைக் கேஸ்மா அது! எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, "என் நண்பர் பாக்கிறதைப் பத்தி எல்லாம் கேள்வி கேக்கலாமா?"ங்கிறான். அதுக்கப்புறம் விசாரணைக்குப் போறதை நானே குறைச்சுக்கிட்டேன். நிகழ்ச்சியிலேர்ந்தும் நானே விலகிட்டேன். அடுத்த வாரம் அவங்க கார் அனுப்பலை, நானும் போகலை.

அவளை நான் சும்மா விட்டேன்னு நெனக்காதே. அந்த ரெக்கார்டிங் அன்னிக்கே வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"எத்தனை வருஷமா நடக்குது இது?"

"கல்யாணம் ஆகி மூணாம் வருஷத்துலேர்ந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. டப்பிங் போறேன்னு சொன்னேன். சரின்னீங்க."

டப்பிங்! நான் டைப்பிங்னு நெனச்சுட்டேன்மா! இத்தனை வருஷமா எம் பொண்டாட்டி டைப்பிங் கிளாஸ் போறான்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அவ உச்சரிப்புல ஒரு அழுத்தம் வேணாம்? டைப்புக்கும் டப்புக்கும் வித்தியாசம் தெரிய வேணாம்? குரலை வெச்சுப் பொழைக்கிறவதானே?

"ஒரு தடவை ஸ்பீடு எப்படின்னு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"ன்னேன்.

"இருக்கு. இப்பல்லாம் ஒரே டேக்ல முடிச்சிடறேன்னு சொன்னேன். நல்லதுன்னீங்க."

டேக்னா டைப்பிங்ல ஏதோ ஒரு பரீட்சைன்னு நெனச்சேன். லோயர், ஹையர்னு இல்லை? அந்த மாதிரி. இத்தனை வருஷம் படிச்சும் பாஸ் பண்ணலையே, மக்குன்னு நெனச்சு, மனசு நோகக் கூடாதேன்னு மேல கேக்காம விட்டேன். அந்தப் பெருந்தன்மைக்குக் கிடைச்ச பரிசு இது.

"வீட்டுல நீ ஒரு தடவை கூட அழுததில்லையே, எனக்கு எப்படித் தெரியும்?"ன்னேன். அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? "வீட்டுல அழுதா தொண்டை கட்டிக்கும். மறுநாள் வேலை கெட்டுடும்"னா. சொல்லிட்டு அரிசி களையப் போயிட்டா. எப்படி ஆரம்பிச்சா, யார் கூட்டிட்டுப் போனாங்க, அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ அவளைக் கேட்டுக்கோ. நான் கேக்கலை. கோவத்துல இருந்தேன்.

ஒரு மாசம் பேசலை நான். அவளுக்கு அது தெரிஞ்சுதா இல்லையான்னே தெரியலை. காபி வரும், சாப்பாடு வரும், சாயங்காலம் ரெக்கார்டிங் போவா. அதுக்கப்புறம் எனக்கே ஒரு இது வந்துடுச்சு. கோர்ட்டுலயும் வேலை குறைஞ்சுபோச்சா, மத்தியான ஆட்டத்துக்குப் போக ஆரம்பிச்சேன். படத்தைப் பாக்க மாட்டேன். கண்ணை மூடிக்கிட்டு உக்காருவேன். இது லோகா. இது இல்லை. இது லோகா. அம்மா செத்த அழுகைக்கு ஒரு மாதிரி, குழந்தை செத்த அழுகைக்கு ஒரு மாதிரி. குழந்தைக்கு அழறப்ப சத்தம் கடைசி வரைக்கும் வெளியவே வராது. எங்களுக்குக் குழந்தை இல்லை, ஆனா எப்படியோ அதுதான் அவளுக்கு ரொம்ப நல்லா வரும். கொஞ்ச நாள்ல நான் அதுல பெரிய நிபுணன் ஆயிட்டேன்மா. உன் ஆராய்ச்சிக்கு வேணும்னா நான் தனியா சொல்றேன், குறிச்சுக்கோ.

இப்படி இருக்கறப்பதான் ஒரு ஞாயித்துக்கிழமை. முன் ரூம்ல ரெண்டு கட்சிக்காரங்க, அண்ணன் தம்பி, பாகப்பிரிவினை விஷயமா வந்திருந்தாங்க. உள்ளேர்ந்து அழுகை கேட்டுது. அவங்க ரெண்டு பேரும் பதறிப்போய்ப் பாத்தாங்க. நான் கையமர்த்தினேன். "ஒண்ணும் இல்லை, ரிகர்சல்"னேன். அவங்களுக்கு டி.வி. விஷயம் தெரியும், சிரிச்சாங்க. எனக்கு அப்ப ஒரு பெருமை வந்துச்சு, உண்மையைச் சொல்றேன். "கேளுங்க, இந்த எடத்துல மூச்சு நிக்கும் பாருங்க. இப்ப ஒரு விக்கல் வரும்"னேன். நான் சொன்ன மாதிரியே வந்துச்சு. பெரியவன், "அடடா, நேர்ல கேக்கறப்ப நிஜம் மாதிரியே இருக்கு சார்"னான்.

எழுந்து உள்ள போனேன். ஹால்ல போன் பக்கத்துல, தரையில உக்காந்திருந்தா. இத்தனை நாள் ஒரு பாராட்டு கூட நான் சொன்னதில்லையேன்னு தோணி, நல்ல மனசோடதான் சொன்னேன். "ரொம்ப நல்லா வந்திருக்கு லோகா. அந்த ரெண்டாவது இழுப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. அதைக் குறைச்சுக்கோ."

டக்குனு நின்னுச்சு. குழாயை மூடின மாதிரி. நிமிந்து என்னைப் பாத்தா.

"எங்க அண்ணன் போயிடுச்சாம்"னா. "இப்பதான் வாலாஜாவுலேர்ந்து போன் வந்துச்சு."

நீயே சொல்லு, முதல்ல விஷயத்தைச் சொல்லிட்டு அப்புறம் அழறதுதானே முறை? முன் ரூம்ல ஆள் இருக்காங்கன்னு தெரியும். ஒரு குரல் குடுத்திருக்கலாம். போன் மணி அடிச்சது எனக்குக் கேக்கலையான்னு கேக்காதே. கேட்டிருக்கும். பாகப்பிரிவினை சிக்கலான கேஸ்.

முகத்தைக் கழுவிக்கிட்டா. ரெண்டு புடவையைப் பையில வெச்சுக்கிட்டா. கட்சிக்காரங்களுக்குக் காபி வேற போட்டுக் குடுத்துட்டுத்தான் கிளம்பினா. நானும் கூடப் போனேன், போகாம இருப்பேனா? அவ அண்ணன் ஏகாம்பரம் நல்ல மனுஷன். இவளை வளத்ததே அவர்தான். அங்க பொம்பளைங்க எல்லாம் மாரடிச்சுக்கிட்டு அழறாங்க. இவ அண்ணன் தலைமாட்டுல உக்காந்து, சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டே இருந்தா. கண்ணுல ஒரு சொட்டு இல்லை. "சினிமாவுக்கு அழுது அழுது வத்திப்போச்சு போல"ன்னு யாரோ சொன்னாங்க. நான் அவங்களைத் திட்டினேன். திட்டினேனான்னு இப்ப சரியா ஞாபகம் இல்லை. திட்டியிருப்பேன்.

அதுக்கப்புறம் இந்த வீட்டுல அழுகைச் சத்தமே கேட்டதில்லை. எங்க அம்மா செத்தப்ப இல்லை. அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சே, அப்பவும் இல்லை. ஸ்டூடியோவுல மட்டும் அழுதா. எத்தனையோ படம், அப்புறம் சீரியல் வந்ததும் தினசரி. அரசாங்க விருது கூடக் குடுத்தாங்க, நானும் போய் முன் வரிசையில உக்காந்தேன். மேடையில கொஞ்சம் செஞ்சு காட்டச் சொன்னாங்க. முடியாதுன்னுட்டா. தொண்டை சரியில்லையாம். அமைதியான குடும்பம்னு தெருவுல எங்களுக்கு நல்ல பேரு. நல்ல விஷயம்தானே?

கேட் சத்தம். அவதான். செருப்பைக் கழட்டிட்டு, கொடியில துணியை எடுத்துக்கிட்டுத்தான் உள்ள வருவா, கொஞ்ச நேரம் ஆகும். அதுக்குள்ள ஒண்ணு சொல்றேன்.

நீ கேள்வி எல்லாம் தயார் பண்ணிக்கிட்டுத்தான் வந்திருப்பே. அதோட இதையும் சேத்துக்கோ. டப்பிங்ல அழறவங்க, மனசுல ஏதாவது ஒண்ணை நெனச்சுக்கிட்டுத்தான் அழுவாங்களாமே? பத்திரிகையில போட்டிருந்தான். அன்னிக்கு டி.வி. ஸ்டூடியோவுல படம் எதுவும் ஓடலை. கதாநாயகி இல்லை, பொணம் இல்லை. எதிர்ல கண்ணைக் கட்டிக்கிட்டு நான்தான் உக்காந்திருந்தேன். அன்னிக்கு எதை நெனச்சுக்கிட்டு அழுதான்னு கேளு. ஆராய்ச்சிக்கு உபயோகமா இருக்கும். நான் சொன்னேன்னு சொல்லாதே, நீயா கேக்கிற மாதிரி கேளு.

நானா? நான் ஏன் கேக்கலையா? நல்லா கேக்கறியேம்மா. இத்தனை வருஷம் கழிச்சுக் கேட்டா அவ என்ன நெனப்பா?

நான் உள் ரூம்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன். ஃபேனை நிறுத்திடறேன், உன் மெஷின்ல இரைச்சல் விழக் கூடாது பாரு. கதவு அப்படியே இருக்கட்டும், சாத்த வேணாம். பல் வலின்னு அவ வாய்க்குள்ளயே முணுமுணுப்பா, நீ விடாதே. கொஞ்சம் சத்தமா பேசச் சொல்லும்மா.